மலையின் வயதை வரிசைப்படுத்திய வாடியா

உயர்தர வகுப்பில் புவியியலை ஒரு பாடமாகக் கற்ற எமது தலைமுறையினருக்கு வாடியா என்ற பெயர் ஒரு பரீட்சை விடையாகவே அறிமுகமானது. இலங்கையின் தரை கடலோரத் தாழ்நிலம், இடைநிலம், மத்திய மலைநாடு என மூன்று படிகளாக எழுந்து நிற்பதற்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு, அடம்ஸின் கருத்து ஒன்று, வாடியாவின் கருத்து மற்றொன்று என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவோம். அந்த வாடியா யார், எங்கிருந்து வந்தவர், எமது மலைகளைப் பற்றிக் கூறுவதற்கு அவருக்கு என்ன தகைமை இருந்தது என்று மாணவர் கேட்டதுமில்லை, ஆசிரியர் கூறியதுமில்லை.

2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி காலை காஷ்மீரத்தின் மேற்குப் பகுதியைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது அப்பெயர் மீண்டும் நினைவுக்கு வந்தது. அது நோன்பு மாதம். 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை எமது கரையோரங்களைச் சூறையாடிப் பத்து மாதங்கள்கூட நிறைவடையாத காலம். முஸாபராபாத், பாலாகோட், பாக் ஆகிய ஊர்கள் தரைமட்டமாகின. பாகிஸ்தான் நிருவாகத்திலிருந்த பகுதிகளில் மாத்திரம் 73,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பல்லாயிரம் பேர் அன்று காலை வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளைகள். அழிவு நேர்ந்த இடம் எதுவென்று வரைபடத்தில் தேடினால், இமயமலைத் தொடர்கள் முழங்கால்போல் மடங்கித் திரும்பும் ஒரு விசித்திரமான மூலையில் கண் சென்று நிற்கும். அந்த மடங்கலைக் கால்நடையாகச் சுற்றி அளந்து, அதன் காரணத்தை உலகுக்கு முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்தான் எமது பரீட்சை விடைத்தாளின் வாடியா.

தாராஷா நௌஷெர்வான் வாடியா 1883ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி குஜராத்தின் சூரத் நகரிற் பிறந்தார். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து குடியேறிய பார்சி சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. வாடியா என்ற பெயர் கப்பல் கட்டும் தொழிலைக் குறிப்பது. அவ்வழி வந்தோர் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கப்பல் கட்டிக் கொடுத்துப் புகழ்பெற்றவர்கள். ஆயினும் தாராஷாவின் தந்தையார் சிறியதொரு புகையிரத நிலையத்தின் அதிபராகவே இருந்தார். ஒன்பது பிள்ளைகளுள் நான்காமவரான தாராஷா, பரோடாவிற் கல்லூரிக் கல்வியை முடித்தார். முதலிற் கற்றது தாவரவியலும் விலங்கியலும். புவிச்சரிதவியல் அதன் பின்னரே வந்து சேர்ந்தது. உயிர்களின் உருவத்தைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அக்கல்வியால் அவருக்கு வாய்த்தது. பாறைக்குள் உறைந்துபோன எலும்பைக் கண்டு அது எக்காலத்து விலங்கு என இனங்காண்பதற்கு இப்பழக்கம் பின்னாளிற் பெரிதும் உதவிற்று.

1907இல், தமது இருபத்து மூன்றாவது வயதில், ஜம்முவிலுள்ள பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியிற் புவிச்சரிதவியல் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1905 ஏப்ரிலில், ஜம்முவுக்குத் தென்கிழக்கே அதே மலையடிவாரத்திலுள்ள காங்ராவிற் பூமியதிர்ச்சி ஏற்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் மாண்டிருந்தனர். பதினான்கு ஆண்டுகள் அவர் ஜம்முவிற் கற்பித்தார். கல்லூரி விடுமுறை விட்டதும் ஏனைய ஆசிரியர்கள் ஊருக்குச் செல்ல, வாடியா சுத்தியலுடன் மலைக்குச் செல்வார். ஜம்மு நகரமே சிவாலிக் குன்றுகளின் மேல் அமைந்தது. வீட்டை விட்டு வெளியே வந்தால் ஆய்வுக்களம்.

அவர் கண்டது என்ன என்பதைச் சற்று விரிவாகக் கூறியாக வேண்டும். இமயமலையின் முன்வரிசையாக அமைந்துள்ள சிவாலிக் குன்றுகள் உண்மையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் மணலும் கூழாங்கற்களுமேயாகும். பின்னால் மலை உயர உயர, அதனை அரித்துக்கொண்டு இறங்கிய ஆறுகள் அடிவாரத்திற் படை மேல் படையாக அடையல்களை விட்டுச் சென்றன. இப்படைகளின் மொத்தத் தடிப்பு 5,000 மீற்றருக்கும் அதிகமாகும். கீழ்ப்படைகளில் மென்மணலும் களியும் மிகுதி. மேற்செல்லச் செல்ல மனிதத் தலையளவான உருண்டைக் கற்கள். ஆற்றின் வேகம் கூடியிருக்கிறது, அதாவது ஆறு இறங்கி வந்த மலை செங்குத்தாகியிருக்கிறது என்பதை அக்கற்களே கூறிவிடும். மலையின் வரலாற்றை மலையே தன் காலடியில் எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

ஆனால், அந்த ஏட்டின் பக்கங்களுக்கு எண் இல்லை. எந்தப் படை எப்போது படிந்தது? இவ்விடத்தில் விலங்கியல் கற்ற வாடியாவுக்கு எலும்புகள் துணை வந்தன. சிவாலிக் படைகளில் யானை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, குதிரை ஆகியவற்றின் மூதாதையர் புதையுண்டு கிடக்கின்றனர். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு கூட்டம். ஜம்முவுக்கு அண்மையில் அவர் கண்டெடுத்த ஸ்ரெகொடன் கணேசா என்னும் அழிந்துபோன யானையினத்தின் தந்தம் ஏறத்தாழ 10 அடி நீளமானது. அவ்விலங்குக்குப் பிள்ளையாரின் பெயரைச் சூட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஆய்வாளர்கள். அது மேற்சிவாலிக் படைக்கு உரியது. அதாவது, புவியின் வரலாற்றில் மிகவும் பிந்திய காலத்தது.

இனித்தான் முக்கியமான செய்தி. இந்தப் பிந்திய காலப் படைகளும் கிடையாக இல்லை. சாய்ந்தும் மடிந்தும், சில இடங்களில் ஏறக்குறையச் செங்குத்தாகவும் நிற்கின்றன. அடிவாரத்தின் நெடும் பிளவை ஒட்டிய இடங்களில், சிவாலிக்குக்கு மிகவும் மூத்த மரீ மணற்கற்கள் இளைய சிவாலிக் படையின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கின்றன. இயல்பாகப் படிந்தால் மூத்தது கீழே, இளையது மேலே இருக்கும். மூத்தது மேலே இருக்குமாயின் ஏதோ ஒரு விசை அதனைத் தள்ளி ஏற்றியிருக்க வேண்டும். அந்தத் தள்ளல் இளைய படை படிந்து முடிந்த பின்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். படையின் காலம் எலும்பால் தெரியும். ஆகவே தள்ளலின் முன்னெல்லையும் தெரியும். சாய்ந்த சிவாலிக் படைகளைக் குறுக்கே வெட்டி, அவற்றின் மேல் ஆறுகள் விரித்துச் சென்ற சரளைப் படிமேடைகள் கிடையாகவே இருந்தால், சாய்வு மேடைக்கு முந்தியது. மேடையும் சாய்ந்திருந்தால் மலை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. நீதிமன்றத்திலே சாட்சிகளை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, யார் முன்னர் வந்தார், யார் பின்னர் வந்தார் என விசாரிப்பதைப் போன்றது இம்முறை. காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் அவ்வாறே. ஏரியின் அடியில் தட்டையாகப் படிந்த கரேவா மண்படைகள் பீர் பஞ்சால் மலைச்சரிவில் உயரத்தில் சாய்ந்து கிடப்பது, அம்மலை புவிச்சரிதக் கணக்கில் நேற்று எழுந்தது என்பதற்குச் சான்றாயிற்று.

மாணவர்க்கு உகந்த நூல் இல்லையென்ற குறையைப் போக்க, இந்தியாவின் புவிச்சரிதவியல் குறித்து அவர் எழுதிய நூல் 1919இல் லண்டனில் வெளியானது. பல பதிப்புகள் கண்ட அந்நூல் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியத் துணைக்கண்டத்துப் பல்கலைக்கழகங்களின் பாடநூலாக விளங்கிற்று.

1921இல், முப்பத்தெட்டாவது வயதில், வாடியா இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்தார். அது ஆங்கிலேயரின் கோட்டையாக இருந்த திணைக்களம். அவருக்கு முன்னர் அங்கு பணியாற்றிய பிரமத நாத் போஸ், தம்மிலும் இளைய ஆங்கிலேயர் ஒருவர் தலைமைக்கு உயர்த்தப்பட்டதைத் தொடர்ந்து 1903இல் பதவி துறந்தார். ஐரோப்பியப் பட்டம் எதுவுமின்றி அத்திணைக்களத்தில் நியமனம் பெற்ற முதல் இந்தியர் வாடியா என்பர். பொதுவாக இளைஞர்கள் நுழையும் பதவியில் நாற்பதை அண்மித்த ஒருவர் நுழைந்தார். பதினேழு ஆண்டுகள் பணியாற்றியும் அதன் தலைமைப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. அவருக்குக் கிடைத்தது மலைதான். வடமேற்கு இமயத்தின் பூஞ்ச், ஹஸாரா, கில்கித், நங்கா பர்பத் ஆகிய பகுதிகளை அவர் படமாக்கினார்.

இம்மலைத்தொடர் காஷ்மீரம் வரை வடமேற்குத் திசையிற் செல்கிறது. 8,126 மீற்றர் உயரமான நங்கா பர்பத்தை அண்மித்ததும் திடீரெனத் திரும்பித் தென்மேற்காக இறங்குகிறது. ஜீலம் ஆறும் முஸாபராபாத்தில் அவ்வாறே தெற்காக மடங்குகிறது. இருவேறு மலைத்தொகுதிகள் இங்கே வந்து சந்திக்கின்றன என்றே வியன்னாவின் பேரறிஞர் சூயெஸ் முதலானோர் கருதினர். வாடியா மடங்கலின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குப் பாறைப்படைகளைப் பின்தொடர்ந்து நடந்தார். ஒரு புறத்தில் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் அவை வளைந்து மறுபுறத்துக்கும் சென்றன. சந்திப்பு என்று எதுவும் இல்லை. ஒரே மலைதான் வளைந்திருக்கிறது. ஏன் வளைந்தது? பஞ்சாப் சமவெளியின் வண்டலுக்கு அடியில், இந்தியத் தீபகற்பத்தின் மிகப்பழைய கடினப்பாறை ஒரு நாக்கைப் போல வடக்கே நீண்டிருக்கிறது. மடிந்து எழுந்த மலை அதனைத் தகர்க்க இயலாது சுற்றிக்கொண்டது என அவர் விடை கண்டார். 1931இல் வெளியான அவ்வாய்வே அவருடைய புகழின் அத்திவாரம். கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொள்ளாதிருந்த காலம் அது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோதியதன் விளைவே இமயம் என்ற கொள்கை மூன்று தசாப்தங்களின் பின்னர் உறுதிப்பட்டபோது, வாடியாவின் நாக்கு அதனுட் பொருந்திற்று.

1938இல் ஓய்வுபெற்ற அவரை இலங்கை அரசாங்கம் அழைத்தது. அரசாங்கக் கனிப்பொருளியலாளர் என்ற பதவி. இத்தீவில் அத்துறையின் தொடக்கத்தை நிறுவியவர் எமக்கு நன்கு தெரிந்தவரே: கலைக்கும் தத்துவத்துக்கும் உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவையை நடத்தியவர். குமாரசுவாமி இங்கு இனங்கண்ட தோரியனைற்று என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள கனிப்பொருள், 1910ஆம் ஆண்டளவில் லண்டனில் ஸ்ட்ரட் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதனுள் எவ்வளவு ஈலியம் வாயு சேர்ந்திருக்கிறது என்பதை அளந்து, பாறையின் வயதை ஆண்டுக் கணக்கிற் கூறும் முதல் முயற்சிகளுள் ஒன்று நிகழ்ந்தது. பக்க எண் இல்லாத ஏட்டுக்கு எண் இடும் கலை, இலங்கைக் கல்லொன்றின் துணையோடு தவழத் தொடங்கியது என்பதை எமது பாடநூல்கள் ஏனோ குறிப்பிடுவதில்லை.

வாடியா இங்கு கழித்த ஆறு ஆண்டுகளும் பெரும்பாலும் உலகப்போர்க் காலம். எமது காரீயத்துக்கு நேசநாடுகளின் தேவை பெருகியிருந்தது. அப்பணிகளுக்கிடையே அவர் மலைநாட்டையும் ஆராய்ந்தார். எல். ஜே. டி. பெர்னாண்டோவுடன் இணைந்து இரத்தினக்கற்கள் பற்றி எழுதினார். எமது பரீட்சைக்குரிய அந்தக் கருத்து 1945இல் அச்சேறியது. கடலோரத் தாழ்நிலம் ஒரு மட்டம். சுமார் 1,600 அடியில் இரண்டாவது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகியன 6,000 அடிக்கு மேல் மூன்றாவது. அரிப்பு, எழுச்சி, மீண்டும் அரிப்பு என அடம்ஸ் கூறியதற்கு மாறாக, மலைநாடு நெடும் பிளவுகளின் வழியே கட்டைகட்டையாக உயர்ந்ததென்றார் வாடியா. உலக முடிவின் விளிம்பில் நின்று பார்ப்பவர் எவருக்கும் அது நியாயமாகவே தோன்றும்.

ஆயினும் பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர் கூறிய பெரும் பிளவுகளுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இமயத்தில் அவரிடம் இருந்த அளவுகோல் இங்கு இருக்கவில்லை என்பதே எமது அபிப்பிராயம். இமயத்தின் அடியில் எலும்பு பொதிந்த 5,000 மீற்றர் படைகள் சாட்சியாக நின்றன. எமது மலையடியில் அத்தகைய தொடர்ச்சியான ஏடு இல்லை. இரத்தினபுரியின் இல்லப் படைகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்ததுண்டு. அவை மிகவும் பிந்தியவை, மலை எழுந்ததை அவை கண்டிருக்க நியாயமில்லை. இமயத்தைக் கண்ட கண்ணால் இலங்கையையும் கண்டார் வாடியா. செங்குத்தான மலைமுகம் என்றாலே பிளவுதான் என்பது அங்கே பொருந்திற்று, இங்கே நிறுவப்படவில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு எமது ஆற்றுமணலின் படிகத் துணிக்கைகளில் அண்டவெளிக் கதிர்கள் உண்டாக்கிய அணுக்களை அளந்து, மலைநாட்டின் செங்குத்து விளிம்புகள் மேட்டுச் சமநிலங்களைவிடப் பத்து மடங்கு அளவு விரைவாக அரிபடுகின்றன என்று காட்டியது. பெரியவர் சொன்னார் என்பதற்காக மலை அவ்வண்ணம் எழுந்திருக்க வேண்டியதில்லையல்லவா?

1944இல் அவர் இந்தியா திரும்பினார். அரசாங்கத்தின் கனிப்பொருள் ஆலோசகராகவும், 1949 முதல் அணுசக்தி ஆணைக்குழுவின் மூலப்பொருட் பிரிவின் தலைவராகவும் விளங்கினார். காலத்தை வரிசையால் மாத்திரம் கூறி வந்தவர், காலத்தை எண்ணால் கூறவல்ல யுரேனியத்தையும் தோரியத்தையும் தமது முதுமையிலே தேடி அலைந்தது சுவையான பொருத்தமே. 1957இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பேறு பெற்ற முதல் இந்தியப் புவிச்சரிதவியலாளர் அவரே. 1964இல் புதுடில்லியில் நடைபெற்ற 22ஆவது சர்வதேசப் புவிச்சரிதவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1969 ஜூன் 15இல் காலமானார். அவருடைய முயற்சியால் அதற்கு முந்திய ஆண்டு டில்லியில் தொடங்கப்பட்ட இமாலயப் புவிச்சரிதவியல் நிறுவனம் 1976இல் டெஹ்ராடூனுக்கு மாற்றப்பட்டது. இன்று அது அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் விட்டுச் சென்ற வரிசைக்கு மற்றவர்கள் எண் இட்டனர். 1970களிலிருந்து, சிவாலிக் படைகளில் உறைந்துள்ள காந்தத் திசை மாற்றங்களையும் இடையிடையே படிந்த எரிமலைச் சாம்பலையும் கொண்டு, அவை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து படியத் தொடங்கியவை எனக் கணக்கிட்டனர். யுரேனியக் கடிகாரம் பாறைக்கு உகந்தது. சில ஆயிரம் ஆண்டு வயதான ஆற்று மேடைக்கு உதவாது. மேடைக்குள் புதைந்த கரித்துண்டின் காபனும், கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்ட நாள்முதல் மணற்றுணிக்கை சேமித்து வைத்திருக்கும் சக்தியும் அதற்கு உதவின. இத்தகைய கணிப்புகளே பூமியதிர்ச்சி எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் என்ற வினாவை எழுப்ப இடமளித்தன.

2005இல் அம்மடங்கலுக்குள் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. சில இடங்களில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பல மீற்றர் உயர்ந்தது. அந்தப் பிளவு புதியதன்று. அதன் சில பகுதிகள், உயிருள்ள பிளவு என ஆய்வாளரின் வரைபடங்களில் முன்னரே இடம்பெற்றிருந்தன. பாடசாலைகளைக் கட்டியவர்களின் மேசைக்கு அவ்வரைபடங்கள் போய்ச் சேரவில்லை. அனர்த்தத்தின் பின்னர் ஜப்பான், பாகிஸ்தான், அமெரிக்க ஆய்வாளர்கள் சென்று பிளவு குறுக்கறுத்த ஆற்று மேடைகளை அளந்தனர். பழைய மேடைகளின் படி, 2005இல் உண்டான படியிலும் பெரியதாக இருந்தது. அதே கோட்டில் நிலம் முன்னரும் பலமுறை எழுந்திருக்கிறது. 2008இல் அவர்கள் வெளியிட்ட கணிப்பின்படி, அத்தகைய அதிர்ச்சி சராசரியாக 1,000 முதல் 3,300 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடியது. எத்தனையோ தலைமுறைகளுக்கு ஒருமுறை வருவது எவரது நினைவிலும் நிற்பதில்லை. ஆற்று மேடை மாத்திரமே அதனை நினைவில் வைத்திருந்தது.

குன்ஹார் ஆற்றங்கரையிலுள்ள பாலாகோட்டின் பெரும்பகுதியை அரசாங்கம் சிவப்பு வலயமாகப் பிரகடனம் செய்து, மக்களைப் பக்ரியால் என்ற இடத்திற் புதிய நகரமொன்றுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டது. பத்து ஆண்டுகள் கடந்தும் அந்நகரம் கட்டி முடிக்கப்படவில்லை. காத்திருந்து களைத்த மக்கள், பிளவு சென்ற அதே ஆற்றங்கரையில் மீண்டும் வீடுகளைக் கட்டிக்கொண்டனர்.